புல்லுருவி என்று வெட்டிப் போட்டது

செங்கத்திலிருந்து குப்பநத்தம் அணைக்குப் போகிற வழியில் அப்பா விட்டுப்போன மூணரை ஏக்கர் நிலம் எனக்கு இருக்கிறது. ஜவ்வாது மலையின் அடிவாரம். மா நாற்பது மரம், வேலியோரமாகப் புளி ஆறு, கிணற்று மேட்டில் ஒரு பெரிய இலுப்பை. மிச்ச இடத்தில் மழையைப் பொறுத்து சாமை, மணிலா, துவரை. முப்பத்தி மூணு வருஷம் வங்கியில் வேலை பார்த்து, அதில் பாதி வருஷம் விவசாயக் கடன் கொடுத்து, 2015 கடைசியில் ஓய்வு பெற்று இங்கே வந்தேன். கடன் கொடுத்தவனுக்கு விவசாயம் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

2016 பங்குனியில் மாமரங்களைச் சுத்தம் செய்தோம். தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார், மரமெல்லாம் புல்லுருவி புடிச்சிக்கினு கீது. உட்டா மரம் போயிடும். வெட்டிடலாமா?" கிளைகளின் மேல் வார் மாதிரி தடித்த இலைகள், விரல் தண்டி வெள்ளை வேர்கள். அப்பா காலத்திலும் இதை வெட்டிப் பார்த்திருக்கிறேன். வெட்டுங்க என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வேலை. ஒன்பது மரத்திலிருந்து இறக்கியது ஒன்றரை சாக்கு இருந்தது. வரப்போரம் கொட்டிவிட்டோம்.

சித்திரை முதல் வாரம், அந்தக் குப்பை மேட்டுப் பக்கம் போன வீட்டுக்காரம்மா கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. இது என்ன வாசனை?" மூணு வாரமாக வெயிலில் மண்ணும் தண்ணியும் இல்லாமல் கிடந்த செடி ஒன்று, கிடந்த வாக்கிலேயே பூத்திருந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பூ. மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் பழுப்புக் கட்டம் போட்டது போல வரிகள், நடுவில் நீலமும் ஊதாவுமாக ஒரு நாக்கு. கிட்டே போனால்தான் மணம் தெரிந்தது. வெட்டச் சொன்னவன் நான். குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

படம் எடுத்து, பழைய சக ஊழியர் ஒருவரின் மகளுக்கு அனுப்பினேன். தாவரவியல் படித்த பெண். மறுநாளே பெயர் வந்தது: வாண்டா டெஸ்ஸலாட்டா. ஆர்க்கிட். கூடவே ஒரு வரி: "இது புல்லுருவி இல்லை அங்கிள்."

இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களில் நிறையப் பேர் இன்னும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிஜமான புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கும். கிளையோடு அது சேருகிற இடம் முண்டு மாதிரி வீங்கி இருக்கும், அதற்கு மேலே கிளை மெலிந்து காய்ந்துகொண்டே போகும். பழத்தைத் தின்ற சின்னப் பறவை பிசின் மாதிரி ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போவதால் பரவுகிறது. அதை வெட்டத்தான் வேண்டும், கிளையோடு சேர்த்து. ஆர்க்கிட் அப்படி இல்லை. அதன் வேர் பட்டைக்கு மேலேயே ஓடும். கத்தியால் வேரை நெம்பினால் பட்டை சேதமில்லாமல் கழன்று வரும், அடியில் காயம் இருக்காது. உட்கார இடம் மட்டும்தான் மரத்திடம் வாங்குகிறது. தண்ணீர் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் வருகிறது. சத்து, பட்டை இடுக்கில் மக்குகிற தூசி தும்பிலிருந்து. வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கிறதே, மழைத் துளி பட்டதும் அது உறிஞ்சிக்கொண்டு சில நொடியில் பச்சையாக மாறும். புல்லுருவியா, ஆர்க்கிட்டா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொம்பு தண்ணீரை வேர்மேல் ஊற்றிப் பாருங்கள்.

இந்தக் குழப்பம் நம்ம ஊரில் மட்டும் தோன்றியது இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சோழமண்டலக் கரையில் செடிகளைச் சேகரித்த ராக்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1795-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் செடியைப் படத்தோடு விவரித்தார். அவர் வைத்த டெஸ்ஸலாட்டா என்ற பெயருக்கு லத்தீனில் கட்டம் போட்டது என்று அர்த்தம். வாண்டா என்பது சமஸ்கிருதச் சொல். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தைத் தொடங்கிய வில்லியம் ஜோன்ஸ் எடுத்துக் கொடுத்தது. அந்தச் சமஸ்கிருதச் சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள், மரத்தின்மேல் வளரும் ஒட்டுண்ணி! ஆக, உலகம் முழுக்க ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் ஆசையாக வாண்டா, வாண்டா என்று சொல்வது நம்ம பெரியவர் சொன்ன அதே புல்லுருவியைத்தான்.

குப்பையிலிருந்து உயிரோடு இருந்ததை எல்லாம் பொறுக்கித் தென்னை நார்க் கயிற்றால் இலுப்பை மரத்தில் கட்டினேன். இருபத்தாறு கட்டி நான்கு பிழைத்தன. வெட்டியபோது வேரெல்லாம் அறுந்துவிட்டது. வாண்டாவுக்கு வேர்தான் எல்லாம். வெட்டாமல் தப்பித்தது கடைசிப் புளியமரத்தின் உச்சியில் இருந்த ஒரு குத்து மட்டும், ஏறப் பயந்து பெரியவர் விட்டுவிட்டார்.

"மலைக்குப் போனா மூட்டை மூட்டையா கொண்டாரலாம், அதுக்கு ஏன் சார் கவலப்படற?" என்றார் அவர். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம். எல்லா ஆர்க்கிட் இனங்களும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. வடகிழக்கில் இருக்கும் நீல வாண்டா 1972 வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே இடம்பெற்றது. சட்டத்தை விடுங்கள். நம்ம மரத்தில் இருந்ததை அழித்துவிட்டு மலையில் இருப்பதைக் கொண்டுவந்து ஈடு கட்டுவது, ஒரு கணக்கில் இருந்து எடுத்து இன்னொரு கணக்கில் போட்டு இருப்பு சரி என்று காட்டுகிற வேலை. அந்த வேலையை நான் வங்கியில் நிறையப் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, இதன் வேரை ராஸ்னா என்ற பெயரில் மருந்துக்கு விற்க, வடக்கே காட்டிலிருந்து பிடுங்குகிறார்கள். நம் பக்கம் ராஸ்னா என்றால் சித்தரத்தை, அந்த மட்டும் தப்பியது. ஆக விதையிலிருந்துதான் வளர்ப்பது என்று முடிவு செய்தேன். விதை போட்டால் முளைக்கப் போகிறது, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

புளிய மரத்துச் செடியில் அடுத்த வருஷம் இரண்டு காய் பிடித்தது. விரல் நீளம், மேலே வரி வரியாக மேடு. மாசியில் வெடித்தது. உள்ளே விதை என்று எதுவும் தெரியவில்லை; மஞ்சள் நிறத் தூள் மாதிரி இருந்தது, ஊதினால் பறந்தது. அதுதான் விதை. ஒரு நெல்மணியின் எடைக்கு ஆயிரக்கணக்கில் நிற்கும். டார்வின் ஒரு வகை ஐரோப்பிய ஆர்க்கிட்டின் காயை உடைத்து எண்ணினார். ஒரு காயில் 6,200, ஒரு செடியில் 1,86,300. எல்லாம் முளைத்தால் மூன்றாம் தலைமுறையில் பூமியின் நிலப்பரப்பையே ஏறக்குறைய மூடிவிடும் என்று கணக்குப் போட்டார். ஏன் மூடவில்லை என்பதற்கு அவர் காலத்தில் யாருக்கும் பதில் தெரியாது.

நான் கத்தரி நாற்று விடுகிற மாதிரி செய்தேன். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், மேலே இந்தத் தூள், பூவாளியில் தண்ணீர். ஆறு மாசம் ஊற்றினேன். பாசிதான் வளர்ந்தது. மறு வருஷம் மணலில் போட்டேன், பட்டைத் தூளில் போட்டேன், பஞ்சகவ்யாவில் விதை நேர்த்தி செய்தும் போட்டேன். ஒன்று கூட வரவில்லை.

காரணம் எளிது. நெல்லுக்குள் அரிசி இருக்கிறது, மணிலாவுக்குள் பருப்பு இருக்கிறது. முளைத்து வேர் பிடிக்கிற வரைக்கும் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. ஆர்க்கிட் விதையில் சோறே இல்லை. ஒரு மேல்தோல், உள்ளே கொஞ்சம் உயிரணுக்கள், அவ்வளவுதான். ஜீரோ பேலன்ஸ் கணக்கு. யாராவது போட்டால்தான் உண்டு. போடுகிறவர் யார்?

1899-ல் பிரான்ஸில் நோயல் பெர்னார் என்ற இளைஞர் இதைக் கண்டுபிடித்தார். அப்போது அவர் கட்டாய ராணுவ சேவையில் இருந்தார். பக்கத்துக் காட்டில் உலாவப் போனபோது, மக்கிய இலைக்கு அடியில் ஆர்க்கிட் விதைகள் கும்பலாக முளைத்திருந்ததைப் பார்த்தார். ஒவ்வொரு முளைக்குள்ளும் பூசண இழைகள் நுழைந்திருந்தன. பூசணம் வெளியே மக்குகிற பொருளிலிருந்து சர்க்கரையைக் கொண்டுவருகிறது, விதை அந்த இழைகளைத் தன் உயிரணுவுக்குள் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரித்துக்கொள்கிறது. பூசணம் வந்தால் முளை, இல்லாவிட்டால் தூசி. பெர்னார் 36 வயதிலேயே இறந்துவிட்டார்.

அந்தப் பூசணம் எது தெரியுமா? ரைசோக்டோனியா வகையறா. நெல்லில் இலையுறைக் கருகல் வருகிறதே, மணிலாவில் வேரழுகல் வருகிறதே, அந்தக் குடும்பத்துச் சொந்தக்காரர்கள். நாம் எதைக் கண்டால் அலறுகிறோமோ அதன் பங்காளிதான் இதற்குப் பால் கொடுக்கிற தாதி. இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் களத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். உயிர் உரம், வேர் உட்பூசணம் என்று நாம் கூட்டங்களில் பேசுகிறோம். நம் பயிருக்கு அது கூடுதல் உதவி. இந்தச் செடிக்கு அது இல்லாமல் பிறப்பே கிடையாது. நான் சாக்கில் அள்ளிக் கொட்டியது செடியை மட்டும் இல்லை, வேரோடு ஒட்டியிருந்த அந்தப் பூசணத்தையும் சேர்த்துத்தான். பட்டையைச் சுரண்டித் தேய்த்துச் சுத்தமாக்கினோமே, ரொம்பப் பெருமையாக.

பூசணம் இல்லாமலே முளைக்க வைக்கும் வழியை 1922-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன் காட்டினார். பூசணம் கொடுப்பது சர்க்கரைதானே, அதை நாமே கொடுப்போம் என்று, கடல்பாசிக் கூழில் சர்க்கரையும் உப்புகளும் கலந்து, பாட்டிலில் ஊற்றி, கிருமி நீக்கி, அதன்மேல் விதையைத் தூவினார். முளைத்தது. இன்று கடைகளில் விற்கிற ஆர்க்கிட் அத்தனைக்கும் இதுதான் அடிப்படை. சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா 1928 வாக்கில் இதைக் கையில் எடுத்தது. அதே பூங்கா 1995-ல் இருந்து, தங்கள் தீவில் அழிந்துபோன உள்நாட்டு ஆர்க்கிட்டுகளை விதையிலிருந்து வளர்த்துச் சாலையோர மரங்களில் கட்டி வருகிறது. சாலையோர மரத்தில்! அதைப் படித்த பிறகுதான் எனக்கும் நம்பிக்கை வந்தது. நமக்குக் காடு வேண்டாம், வேலியோரப் புளி போதும்.

வீட்டில் செய்த முறையைச் சொல்கிறேன். காளான் விதை தயாரித்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரிந்ததுதான்.

2018 வைகாசியில் நானே மகரந்தம் சேர்த்தேன். பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சின்னத் தொப்பி இருக்கும். பல்குத்தும் குச்சியால் கீழிருந்து மேலாகத் தூக்கினால் தொப்பி விழுந்து, மஞ்சளாக இரண்டு உருண்டை குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் மகரந்தம், தூளாக இல்லாமல் மெழுகு உருண்டையாக இருக்கும். அதை இன்னொரு செடியின் பூவில், தொப்பிக்குக் கீழே பிசுபிசுவென்று இருக்கும் குழியில் வைத்துவிட வேண்டும். ஒரே செடிக்குள் செய்யாதீர்கள், வேறு வேறு செடியாக இருந்தால் விதை நன்றாக இருக்கும். இலுப்பையில் பிழைத்ததில் ஒன்றும் புளியின் உச்சியில் இருந்ததும் ஒரே சமயத்தில் பூத்ததால் எனக்கு முடிந்தது. புளிமேல் ஏறியது பெரியவரின் மகன். நாற்பது அடி உயரத்தில் பல்குத்தும் குச்சியோடு நின்றுகொண்டு, "சார், இத்த ஊருல யாருகிட்டயும் சொல்லிடாத" என்றான்.

பூ வாடி, அடிக்காம்பு தடித்தால் காய் பிடித்துவிட்டது. தை மாசம், எட்டு மாசம் ஆன பிறகு, வெடிக்கும் முன்னால் பச்சையாகவே அறுக்க வேண்டும். வெடிக்காத காய்க்குள் கிருமி இருக்காது, வெளித்தோலைச் சுத்தம் செய்தால் போதும். வெடித்தபின் தூளைச் சுத்தம் செய்வது நம்மால் ஆகாத வேலை.

கூழுக்கு ஒரு லிட்டர் கணக்கு: சர்க்கரை 20 கிராம், அகர் 8 கிராம், இளநீர் 150 மில்லி, மிச்சம் கொதித்து ஆறிய மழைநீர். அகர் என்பது நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் இனிப்பு செய்யும் கடல்பாசிதான். இதோடு உப்புகள். இங்கேதான் கொஞ்சம் சங்கடம். நட்சன் 1946-ல் கொடுத்த கலவை: கால்சியம் நைட்ரேட் 1 கிராம், அம்மோனியம் சல்பேட் அரை கிராம், மெக்னீசியம் சல்பேட் கால் கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கால் கிராம், இரும்பு சல்பேட்டும் மாங்கனீசு சல்பேட்டும் சிட்டிகைக்கும் குறைவு. யூரியா மூட்டை வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிக்கொள்கிறவன் நான். உப்பே இல்லாமல் வாழைப்பழமும் இளநீரும் சர்க்கரையும் மட்டும் போட்டுப் பத்து பாட்டில் செய்து பார்த்தேன். முளைத்தது, ஆனால் வெளிறிப்போய் அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் உப்பைப் போட்டேன். ஒரு லிட்டருக்கு இரண்டு கிராம். குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும். மண்ணில் அது விழவில்லை.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஜாம் பாட்டில் எல்லாம் சேர்த்தேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுப் பஞ்சு அடைத்து, பாட்டிலில் ஒரு அங்குலம் கூழ் ஊற்றி, மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பிரஷர் குக்கரில் வைக்க வேண்டும். வெயிட் எழும்பியபின் அடுப்பைக் குறைத்து இருபது நிமிஷம். குக்கர் தானாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும், அவசரப்பட்டால் கூழ் பொங்கிப் பஞ்சை நனைத்துவிடும்.

2019 தையில் பதினாலு பாட்டில் போட்டேன். பத்து நாளில் பதிமூணில் கறுப்பும் பச்சையும் பூத்தது. மிச்சம் ஒன்றில் எதுவும் வரவில்லை. ஒரு வருஷக் காய் போச்சு. சுத்தம் பற்றாது என்று அப்போதுதான் புரிந்தது. பொட்டி செய்து அதற்குள் கைவிட்டு வேலை செய்யலாம் என்றார்கள். அதற்குள் ஸ்பிரிட் தெளித்துவிட்டு நெருப்புக் கொளுத்தினால் தாடி மீசையோடு போய்விடும், யாரும் செய்யாதீர்கள். எனக்குக் கைகொடுத்தது இட்லி குண்டான். குண்டானில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க, மேலே ஒரு கம்பிச் சல்லடை, அதன்மேல் பாட்டில். எழும்புகிற ஆவி காற்றிலிருந்து கிருமி விழாமல் பாட்டில் வாயைக் காத்துக்கொள்கிறது. ஃபேன் கூடாது, ஜன்னல் அடைத்திருக்க வேண்டும். தலைக்குத் துணி, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை.

காயைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட்டை நான்கு பங்கு தண்ணீரில் கலந்து கால் மணி நேரம் ஊறப்போட வேண்டும். பிறகு அடுப்பிலிருந்து தள்ளி, வேறு இடத்தில், ஸ்பிரிட்டில் ஒரு முக்கு முக்கி இடுக்கியால் பிடித்துக் கொளுத்தினால் ஒரு நொடியில் எரிந்து அணையும். ஸ்பிரிட் கிண்ணத்தை முதலில் மூடிவிடுங்கள். அப்புறம் ஆவிக்கு மேலே வைத்துக் கொதிநீரில் போட்ட கத்தியால் பிளந்து, நுனியால் கொஞ்சம் விதையைச் சுரண்டிக் கூழ்மேல் தட்டி, மூடியைத் திருகி, அடுத்த பாட்டில். ஒரு பாட்டிலுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது.

2020 தையில் இப்படி இருபத்திரண்டு பாட்டில் போட்டதில் ஒன்பது சுத்தமாக நின்றது. வீட்டுக்குள் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். அடுத்த மாதக் கடைசியில் ஊரடங்கு வந்தது. யாரும் எங்கும் போக முடியாத ஏப்ரல் முதல் வாரம், ஒரு பாட்டிலில் மஞ்சள் தூள் கடுகைவிடச் சின்னப் பச்சை உருண்டைகளாக மாறியிருந்தது. இலை இல்லை, வேர் இல்லை, உருண்டை மட்டும். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன். "பாசி புடிச்சிருக்கும்" என்றாள். பாசி இல்லை.

நான்காவது மாசம் உருண்டையின் தலையில் ஒரு முனை கிளம்பியது, அது இலை. ஆவணியில், வாழைப்பழ மசியலும் கொஞ்சம் அடுப்புக்கரித் தூளும் சேர்த்த புதுக் கூழுக்கு மாற்றினேன். மறுபடி இட்லி குண்டான். அதில் இரண்டு பாட்டில் கெட்டது. 2021 ஆனியில் இலை ஒன்றரை அங்குலமும் இரண்டு மூணு வேரும் வந்தபின் வெளியே எடுத்தேன், நூற்றுப் பத்து கன்று. கூழை வெதுவெதுப்பான தண்ணீரில் சுத்தமாகக் கழுவ வேண்டும், ஒட்டிக்கொண்டிருந்தால் எறும்பும் அழுகலும் வரும். தென்னை மட்டைத் துண்டும் கரித்துண்டும் போட்ட மூங்கில் கூடையில், முக்கால் பங்கு நிழலில் தொங்கவிட்டேன். காலையில் ஒரு தெளிப்பு, வெயில் நாளில் மாலையிலும். அதிகத் தண்ணீர்தான் எமன். வேர் வெள்ளையாக இருந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். மீன் அமிலம் லிட்டருக்கு ஐந்து மில்லி தெளித்தேன். மணத்துக்கு எங்கிருந்தோ எறும்பு வந்து சேர்ந்ததால் இரண்டு மில்லியாகக் குறைத்துக்கொண்டேன். முதல் மழைக்காலத்தில் நாற்பத்தாறு அழுகிப் போனது.

மரத்தில் கட்டியது 2022 ஆனியில், மழை ஆரம்பித்த பிறகு. முப்பத்தி ஒன்று. மிச்சத்தை மரம் வைத்திருக்கிற நண்பர்களுக்குக் கொடுத்தேன். சொரசொரப்பான, உதிராத பட்டை வேண்டும்: மா, புளி, இலுப்பை, வேம்பு. கொய்யா, தைலமரம் வேண்டாம், பட்டை உரிந்து செடியோடு விழும். காலை வெயில் படுகிற, கிளை பிரிகிற இடமாகப் பார்த்து, பழைய வாண்டா வேர் ஓடிய தடம் இருந்தால் அங்கேயே, தென்னை நாரால் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். ஒரு வருஷத்தில் வேர் பிடிக்கும்போது நார் தானாக மக்கிவிடும். பாட்டிலில் வளர்ந்த குழந்தை பூசணத்தையே பார்த்ததில்லை, பழைய வேர்த்தடத்தில் வைத்தால் அறிமுகம் ஆகும் என்பது என் எண்ணம். நிரூபிக்க என்னிடம் கருவி இல்லை.

ஒன்று கவனியுங்கள். மாமரத் தண்டுக்குப் போர்டோ பசை பூசுவது இயற்கை விவசாயத்திலும் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் அது தாமிரம், பூசணத்தைக் கொல்லத்தான் பூசுகிறோம். வாண்டா இருக்கிற கிளையில் பூசாதீர்கள், அதற்குக் கீழே அடிமரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுண்ணாம்பும் அப்படியே. நான் இப்போது ஒன்பது மரத்துக்குப் பசை பூசுவதே இல்லை. அதில் ஒன்றில் பட்டை நோய் வந்து ஒரு கிளையை இழந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாட்டில் வேலையெல்லாம் நம்மால் ஆகாது என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நட்சனுக்கு முன்னால் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் தாய்ச்செடித் தொட்டியிலேயே, அதன் வேரடியில் விதையைத் தூவி, எப்போதாவது ஒன்றிரண்டு முளைப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஏன் முளைக்கிறது என்று தெரியாமலே செய்தார்கள்; வேரில் பூசணம் இருந்தது, அதனால் முளைத்தது. நானும் வெடித்த காயின் தூளைத் தண்ணீரில் கலக்கி, புளிமரத்துச் செடியின் வேரைச் சுற்றிப் பட்டை இடுக்கில் தடவி, மேலே ஒரு துண்டு கோணிச் சாக்கு கட்டி, மூணு வருஷம் ஆனி ஆனிக்குச் செய்தேன். போன கார்த்திகையில் சாக்குக்குப் பக்கத்தில் விரல்நக அளவு இரண்டு கன்று இருந்தது. நான் தடவியதா, காற்றில் வந்ததா, சொல்லத் தெரியாது. முளைத்த இடம் பழைய வேருக்கு ஒரு சாண் தூரத்துக்குள். செலவு ஒரு கோணித்துண்டு. இரண்டு முறையிலும் எனக்குப் பிடித்தது இதுதான், பிழைக்கிற கணக்கு பாட்டிலில் அதிகம் என்றாலும்.

கட்டிய முப்பத்தி ஒன்றில் இன்றைக்கு இருப்பது பத்தொன்பது. ஐந்தைக் குரங்கு பிடுங்கிப் போட்டது, மலை அடிவாரத்தில் அதற்கு மருந்து கிடையாது. நான்கு 2024 கோடையில் காய்ந்தது. மூணு என்ன ஆனது என்றே தெரியவில்லை. இருப்பதில் பெரியதற்கு இலை அரை அடி, வேர் ஒரு முழத்துக்கு மேல் கிளையைச் சுற்றி ஓடியிருக்கிறது. விதை போட்டு ஆறாவது வருஷம் நடக்கிறது, ஒன்று கூடப் பூக்கவில்லை. வாண்டாவுக்கு இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகலாம்.

போன வாரம் பக்கத்து நிலத்துக்காரர் தன் மாமரங்களைச் சுத்தம் செய்ய எங்கள் பெரியவரைக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தார். சாயங்காலம் திரும்பி வந்தவர் துண்டில் எதையோ மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். அவிழ்த்தால், வேரோடு, பட்டையோடு, ஒரு வேர்கூட அறாமல் ஏழு செடி. "அந்தக் கெள பட்டுப்போச்சி சார், அறுத்துட்டாங்கோ. இத்த மட்டும் நெம்பி எடுத்துக்கினேன். எந்த மரத்துல கட்டறது சொல்லு, மழ வரதுக்குள்ள கட்டிடலாம்" என்றார். மாமரத்தில் கிழக்கே பார்த்த கிளையில் கட்டினோம்.